சுருதி குறைவது யார் குற்றம்?

இசைத்தட்டு ஒன்று சுருதி பிசகி ஒலித்தால் நம்மவர் முதலிற் பழிப்பது தட்டை. அடுத்துப் பழிப்பது யந்திரத்தை. "பழசாய்ப் போயிற்று, இனி வீச வேண்டியதுதான்" என்ற தீர்ப்பும் உடனே பிறந்துவிடும். அவ்வாறு வீசப்படும் யந்திரங்களிற் பலவற்றின் நோய், சுழல்தட்டின் அடியிலே ஒளிந்து கிடக்கும் றப்பர் வார் ஒன்றின் தளர்ச்சியேயன்றி வேறன்று. 'பெல்ற்' என்று கடைகளில் வழங்குவது இந்த வாரைத்தான். அதனை மாற்றுவது எங்ஙனம், மாற்றுமுன் நோய் அதிலேதான் இருக்கிறதென்று துணிவது எங்ஙனம் என்பவற்றை இன்று ஆராய்வோம்.

இஃது ஏதோ பொழுதுபோக்குக்காரரின் கவலை என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. தட்டு நூற்றுக்கு ஆறு வீதம் மெதுவாகச் சுழன்றால் சுருதி ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் இறங்கிவிடும். ஐந்தரைக் கட்டையிற் பாடிய பாடகி ஐந்து கட்டையிற் பாடியவராகிவிடுவார்; காலப்பிரமாணமும் அதே அளவுக்குத் தளரும். அதைக் கேட்டுப் பாடிப் பழகும் பிள்ளை, பாடகியின் குரலையன்று, தளர்ந்த றப்பரையே குருவாகக் கொள்கிறது.

வேறொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் எஞ்சியிருக்கும் தட்டுக்கள் சொற்பம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கையில் அகப்பட்டதையே தூக்கிச் சென்றனர். பாரமான தட்டுப் பெட்டிகளுக்கு அங்கே இடமேது? தப்பியவற்றுட் சில, வேறெந்த வடிவிலும் மறுபடி வெளிவராதவை. அத்தகைய தட்டுக்களை இக்காலத்தில் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் பதிந்து, கடல் கடந்த உறவினர்க்கு அனுப்பும் வழக்கம் பெருகியிருக்கிறது. நல்ல வழக்கந்தான். ஆனால், பிழையான வேகத்தில் ஒருமுறை பதிந்து பத்து வீடுகளுக்கு அனுப்பிவிட்டால், அதன்பின் அந்தப் பிழையே அப்பாட்டின் உருவமாக நிலைத்துவிடும். மூலத்தட்டு உடைந்த பிறகு அதைத் திருத்த வழியே இராது. ஆகவே, பதிவதற்கு முன் வேகத்தைப் பார்த்துக்கொள்வது கடமை என்றே கூறுவேன்.

சுழல்தட்டை மோட்டர் சுழற்றும் முறைகள் மூன்று. பழைய றேடியோகிராம்களில், சிறப்பாகக் கராட் என்னும் ஆங்கிலக் கம்பனியாரின் யந்திரங்களில், றப்பர் விளிம்புடைய சிறு சில்லு ஒன்று மோட்டரின் தண்டுக்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் இடையில் அழுந்தி நின்று சுழலும். 1970களிற் புகழடைந்த யப்பானிய யந்திரங்கள் சிலவற்றில் மோட்டரின் தண்டே நடு அச்சாகிவிடும். அவற்றில் வாருக்கு வேலையில்லை. நாம் கருதும் மூன்றாவது வகையில், மோட்டரின் சிறு கப்பியையும் சுழல்தட்டின் அடியிலுள்ள பெரிய வட்டத்தையும் மெல்லிய வார் இணைக்கும். அமெரிக்கரான எட்கார் வில்ச்சர் அமைத்த ஏ.ஆர். யந்திரம் 1961இல் வெளிவந்து, இம்முறை எளிமையானதாயும் திறமையானதாயும் இருக்கக்கூடும் என்பதைக் காட்டிற்று. மோட்டரின் நடுக்கத்தை வார் தன் நெகிழ்ச்சியால் விழுங்கி, ஊசியை அடையவொட்டாது தடுத்துவிடுகிறது. அந்த நெகிழ்ச்சியே முதுமையில் அதற்குக் குற்றமாகவும் முடிகிறது.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இங்கே சிறிது கணக்குப் பார்க்கலாம். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் மீடிறன் உடைய ஆடலோட்டம். அம்மீடிறனோடு ஒத்துச் சுழலும் மோட்டருக்கு 24 முனைவுகள் இருப்பின் அது நிமிடத்துக்கு 250 தடவை சுழலும். நமக்கு வேண்டியதோ நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 250ஐ 33⅓ஆல் வகுத்தால் ஏழரை. எனவே பெரிய வட்டத்தின் விட்டம் கப்பியின் விட்டத்தைப்போல் ஏழரை மடங்காக இருத்தல் வேண்டும். வேகம் என்பது மோட்டரின் வலிமையிலன்று, இவ்விரு விட்டங்களின் விகிதத்திலேயே அடங்கியிருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வாருக்கும் தடிப்பு உண்டாதலால், உண்மையில் வேலை செய்யும் விட்டம் வாரின் நடுத்தடிப்பிலிருந்து அளக்கப்பட வேண்டியது. பெரிய வட்டத்தின் விட்டம் 160 மில்லிமீற்றர் என்றும், 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள வாருக்கேற்பக் கப்பி கடையப்பட்டது என்றும் கொள்வோம். அங்கே 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள வாரைப் பூட்டினால் தட்டு நிமிடத்துக்கு 33.87 சுற்றுச் சுழலும். நூற்றுக்கு ஒன்றரை வீதத்துக்குச் சற்று மேலான மிகை. அரைச்சுரத்திற் கால்பங்குக்கும் அதிகம். பெரிய வட்டத்துக்கு 0.4 மில்லிமீற்றர் ஒரு பொருட்டன்று. சிறிய கப்பிக்கோ அது பெருஞ்சுமை. "புது வார் போட்டேன், பாட்டு ஓடுகிறதே" என்று முறையிடுவோர் வாரின் நீளத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்களாயிருப்பர்.

இனிச் சோதனை. வேகத்தை அறியக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. சுழல்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுக்களை எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்றுக்கள். நூறாவது சுற்று மூன்று நிமிடமும் இரண்டு செக்கனும் கழிந்து முடிந்தால் யந்திரம் நூற்றுக்கு ஒரு வீதத்துக்குச் சற்று மேலாகப் பிந்துகிறது. 45 வேகத்துக்கு இரண்டு நிமிடத்தில் 90. சிறுபிள்ளைகளிடம் விட்டால் இந்த எண்ணும் வேலையை மிக்க உற்சாகத்தோடு செய்வர்.

ஆனால் இருமுறை எண்ணவேண்டும்: முதல்முறை ஊசியைத் தூக்கி வைத்து, மறுமுறை தட்டின் வெளிப்புறத்திலுள்ள பள்ளங்களில் ஊசியை ஓடவிட்டு. நோய் நிதானிப்பதற்கு இதனினும் சிறந்த வழியை நான் அறியேன். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாயிருந்து, இரண்டுமே குறைவாயின் குற்றம் பெரும்பாலும் வாரின் அளவிலோ மோட்டரின் அமைப்பிலோ இருக்கும். ஊசியில்லாமற் சரியாயிருந்து, ஊசி வைத்ததும் குறைந்தால் வார் வழுக்குகிறது. ஊசியின் உராய்வு மிகச் சிறியது. அந்தச் சிறு சுமையையே இழுக்கமாட்டாத வார் மாற்றப்பட வேண்டியதே.

கோடிட்ட வட்ட அட்டையை வைத்துப் பார்க்கும் முறையும் உண்டு. நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் இழை மின்குமிழின் ஒளி செக்கனுக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அதாவது நிமிடத்துக்கு 6,000 முறை. வட்டத்தில் 180 கோடுகள் இருப்பின் 33⅓ வேகத்தில் அவை அசையாமல் நிற்பதுபோற் தோன்றும். சுழலும் திசையில் முன்னே ஊர்ந்தால் வேகம் மிகை; பின்னே ஊர்ந்தால் குறைவு. நிமிடத்தில் 60 கோடுகள் ஊர்ந்து கடந்தால் பிழை நூற்றுக்கு ஒரு வீதம். அழகான முறை, எனினும் இப்போது வீடுகளில் எரியும் எல்.ஈ.டி. மின்குமிழ்கள் பலவற்றின் ஒளியிற் துடிப்பு மிகக் குறைவாதலின் கோடுகள் வெறும் சாம்பல் நிறப் பட்டையாகத் தோன்றும். மேலும், மின்வெட்டு நேரத்தில் வீட்டு மின்பிறப்பாக்கியின் மீடிறன் 50இலிருந்து விலகினால் மோட்டரும் விளக்கும் சேர்ந்தே விலகுமாதலால் கோடுகள் மட்டும் அசையாது நின்று பொய்ச்சாட்சி கூறும். கடிகாரமும் துண்டுக் காகிதமும் பொய் சொல்வதில்லை. கைத்தொலைபேசியைச் சுழல்தட்டின்மேல் வைத்து அளக்கும் செயலிகளும் உண்டு. பயன்படுத்தலாம், தொலைபேசியின் பாரமும் தட்டின்மேல் ஏறுகிறது என்பதை நினைவில் வைத்தாற் போதும்.

வேகம் சராசரியாகச் சரியாயிருந்தும் ஒலி அலைவது வேறு நோய். இதனை மிருதங்கத்திலோ தவிலிலோ கண்டுபிடிப்பது கடினம். நீண்டு நிற்கும் நாதமே இதற்கு உரைகல்: தம்புரா, நாதஸ்வரம், வயலினின் ஒற்றைவில். ராஜரத்தினம்பிள்ளையின் தோடித் தட்டை இப்படிச் சோதனைக்கு வைப்பது அபசாரமாயினும், நீண்ட காரவை ஒன்று நடுங்கினால் எந்தச் செவிக்கும் தெரிந்துவிடும். அலைவு 1.8 செக்கனுக்கு ஒருமுறை, தட்டின் ஒவ்வொரு சுற்றோடும் ஒத்து வருமாயின் வாரைக் குறை கூறாதீர்கள். அந்தத் தட்டின் நடுத்துளை மையம் தவறியிருக்கும். ஊசிக்கை இடமும் வலமுமாக ஆடுவதைக் கண்ணாலேயே காணலாம். வேறு தட்டை வைத்ததும் அலைவு மறைந்துவிடும். எந்தத் தட்டை வைத்தாலும், சுற்றோடு ஒவ்வாத இடைவெளியில் அலைவு வந்தால் வாரில் மடிப்போ தடிப்போ உண்டு. மாதக்கணக்கில் ஓடாமற் கிடந்த யந்திரத்தில், கப்பியைத் தழுவிக் கிடந்த இடத்தில் வார் வளைந்து இறுகிவிடுவதால் இப்படி நேரும். ஓடத் தொடங்கும்போது மெதுவாயிருந்து, பத்து நிமிடத்தின்பின் சரியானாலோ, அச்சுக் குழியிலுள்ள எண்ணெய் பசையாகிவிட்டது என்று ஊகிக்கலாம்.

வாரை மாற்றுமுன் மின்செருகியைக் கழற்றுங்கள். ஊசிக்கையைத் தாங்கியிற் பூட்டி, ஊசிக்கு மூடி போடுங்கள். மேல் விரிப்பை எடுத்ததும் சுழல்தட்டில் இரண்டு துளைகள் தெரிந்தால் விரல்களை அவற்றில் நுழைத்து நேராக மேலே தூக்கவேண்டும். சில மலிவான யந்திரங்களில் நடு அச்சில் சிறு உருக்கு வளையம் ஒன்று பூட்டியிருக்கும். அதை முதலில் நெம்பி எடுத்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கவேண்டும். அச்சின் அடியிலே தனியான உருக்குக் குண்டு உள்ள யந்திரங்களும் உள. அது உருண்டு அலுமாரிக்கடியிற் போய்விட்டால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே கழியும்.

மிகப் பழைய வார் நைந்து தார்போல் உருகிக் கப்பியிலும் வட்டத்திலும் அப்பியிருப்பதுண்டு. இதைத் துடைக்காமற் புதிய வாரைப் பூட்டுவது வீண். ஐசோபுறோப்பைல் மதுசாரத்திற் தோய்த்த பஞ்சினால், பஞ்சிற் கறுப்புப் படியாத வரையில் துடைக்கவேண்டும். பெற்றோல் வேண்டாம், அது பிளாஸ்ரிக்கை அரித்துவிடும். கத்தியாற் சுரண்டுவதும் தவறு. கப்பியில் விழும் ஒரு கீறல் நிமிடத்துக்கு 250 முறை வாரைத் தட்டும்.

புதிய வாரின் அளவை எவ்வாறு அறிவது? பழைய வாரை அளந்து அதே நீளத்தில் வாங்குவோர், நீண்டு தளர்ந்த அந்தத் தளர்ச்சியையே மறுபடி விலைகொடுத்து வாங்குகின்றனர். யந்திரத்தின் பெயரையும் இலக்கத்தையும் கூறி அதற்கென்றே ஆன வாரைப் பெறுவதே உத்தமம். அது கிடையாதபோது, நீளாத நூலொன்றை வட்டத்தையும் கப்பியையும் சுற்றி வரப் பிடித்து அளந்து, அந்நீளத்தைவிட நூற்றுக்கு நாலைந்து வீதம் குறைந்த பரிதியுள்ள வாரைத் தேடலாம். மிக இறுக்கமானதை வாங்கிவிட்டால் மோட்டரின் தண்டு ஒருபக்கமாக இழுபட்டுத் தேயும். அகலமும் தடிப்பும் பழையதற்கு ஒத்திருக்கவேண்டும். தடிப்பின் பயனை மேலே கண்டோம்.

றப்பர் இந்த நாட்டின் விளைபொருள். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் ஹேனரத்கொடையில் நடப்பட்ட நாள்தொட்டு நம்மோடு வாழ்வது. அதனாலோ என்னவோ, சைக்கிள் ரியூப்பை வெட்டி வார் செய்யும் துணிவும் நம்மவர்க்கு இயல்பாய் உண்டு. அத்துணிவை நான் இகழமாட்டேன். 1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவில் வந்த மின்னைக் கொண்டு செய்தியும் பாட்டும் கேட்ட தலைமுறை அது. சுற்றுபவர் களைத்தாற் பாடகரும் களைத்தார். அதையும் பொறுத்துக் கேட்டோம். ஆனால் வழி உள்ள இக்காலத்தில் ரியூப்பை வெட்டவேண்டியதில்லை. கத்தரிக்கோலால் வெட்டிய பட்டி எங்கும் ஒரே தடிப்பாய் இராது; ஒட்டிய இடம் கப்பியைக் கடக்கும்போதெல்லாம் நாதம் விக்கும். கடதாசி கட்டும் றப்பர் வளையமும் அவ்வாறே. யந்திரம் சுழலுமா என்று பார்ப்பதற்கு அவை போதும்; பாட்டைக் கேட்பதற்கும் பதிவதற்கும் போதா.

புதிய வாரை வெறும் விரலால் அதிகம் தடவாதீர்கள். கையிலுள்ள எண்ணெய்ப்பசை வழுக்கலுக்கு வித்து. முறுக்கில்லாமல் வட்டத்தைச் சுற்றி இட்டு, சுழல்தட்டை இருத்தியபின் துளை வழியாக வாரைக் கப்பியின்மேல் இழுத்துவிடவேண்டும். பின்னர் தட்டைக் கையால் பத்துப் பதினைந்து முறை சுழற்றுங்கள். கப்பி பீப்பாயைப்போல் நடுவிற் சற்றே புடைத்திருக்கக் காண்பீர்கள். தட்டையான வார் உயர்ந்த இடத்தை நாடி ஏறும் இயல்புடையது; வழுவி விழும் என்று நாம் எண்ணுவதற்கு நேர்மாறாக, புடைத்த நடுவிலேயே போய் நிலைபெறும். நில்லாது ஓரத்துக்கு ஓடினால் மோட்டர் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

அச்சுக் குழிக்கு இடவேண்டிய எண்ணெய் தையல் யந்திர எண்ணெய் போன்ற மெல்லியதாய், ஓரிரு துளியளவினதாய் இருத்தல் வேண்டும். தேங்காயெண்ணெய் ஒருபோதும் ஆகாது. அது 24 பாகையளவில் உறையத் தொடங்கும். நாளடைவிற் பசையாகவும் மாறும். நுவரெலியாவிலுள்ள வாசகர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இதுவரை தொடாத பொருள் ஒன்று உண்டு. நேரோட்ட மோட்டர் பூட்டிய யந்திரங்களில், மோட்டரின் அடியிலோ யந்திரத்தின் அடித்தட்டிலோ சிறு துளைகள் இருக்கும். அவற்றினுள் மெல்லிய திருப்புளியை விட்டுத் திருகினால் வேகம் கூடும், குறையும். வேகம் குறைந்ததும் முதலில் இத்திருகை நாடுவோர் பலர். வழுக்கும் வாரைத் திருகாற் குணப்படுத்த முனைவது, காய்ச்சல்காரனின் வெப்பமானியைத் திருத்துவதற்கு ஒப்பாகும். வழுக்கல் ஒரே சீராய் இராது. இன்று சரிசெய்த வேகம் நாளை பிழைக்கும், தட்டின் வெளிப்புறத்தில் ஒன்றாயும் உட்புறத்தில் வேறாயும் இருக்கும். வாரை மாற்றி, அச்சைத் துப்புரவாக்கி, யந்திரத்தை அரைமணி நேரம் ஓடவிட்டு, ஊசியைத் தட்டில் வைத்து எண்ணிப் பார்த்தபின்னரே திருகுக்கு முறை. அப்போதும் மிகச் சிறிதாகத் திருகி மறுபடி எண்ணவேண்டும். 78 வேகத்துப் பழைய தட்டுக்கள் வைத்திருப்போர்க்கு ஒரு வார்த்தை: அவற்றுள் முற்காலத்தவை நிமிடத்துக்கு 70 முதல் 80க்கு மேல் வரை பலவாறான வேகங்களிற் பதியப்பட்டவை. அங்கே எண்ணிக்கையைவிடப் பாடகரின் சுருதி அறிந்த செவியே சிறந்த நீதிபதி.

கடைசியாக, கனடாவிலிருந்து வரும் யந்திரங்கள். உறவினர் ஒருவர் அங்கே மலிவாக வாங்கிக் கப்பலில் அனுப்புகிறார். இங்கே 120 வோல்ற்றுக்கு மின்மாற்றி ஒன்றும் வாங்கிப் பூட்டியாயிற்று. ஆயினும் பாட்டு முக்கி முனகுகிறது. வாரை மாற்றினாலும் மாறாது. காரணம், அந்நாட்டு மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வோல்ற்றளவை மாற்றுமேயன்றி மீடிறனை மாற்றாது. மீடிறனோடு ஒத்துச் சுழலும் மோட்டர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். 33⅓ என்பது 27.78 ஆகிவிடும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் மேலாக இறங்கும். ஐந்து கட்டைக்காரி மூன்று கட்டைக்கும் கீழே போய்விடுவார். இதில் வேடிக்கை யாதெனில், அந்த யந்திரத்தோடு வந்த கோடிட்ட அட்டையில் 60 ஹேர்ட்சுக்குரிய 216 கோடுகள் இருக்கும். நம் நாட்டு விளக்கொளியில் அக்கோடுகள் அசையாது நிற்பதும் சரியாக 27.78 சுற்றிலேயே! ஒரு பிழைக்கு மற்றொரு பிழை சாட்சியாய் நிற்க, வீட்டுக்காரர் தம் செவியையே சந்தேகிப்பார்.

இதற்கு மருந்து 50 ஹேர்ட்சுக்குரிய, விட்டம் ஐந்தில் ஒரு பங்கு பெரிதான கப்பி. சில யந்திரங்களுக்கு அதைத் தனியாக வாங்கலாம்; சிலவற்றில் கப்பியின் இரு பகுதிகளும் ஒன்றாகவே கடையப்பட்டிருக்கும், வாரை இடம் மாற்றினாற் போதும். நேரோட்ட மோட்டர் உடையவற்றுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. உரிய மின்மாற்றியோடு எங்கும் ஓடும். ஆதலின் உறவினர் பெட்டி கட்டுமுன், யந்திரத்தின் அடியிலுள்ள தகட்டைப் படம் பிடித்து அனுப்பும்படி கேளுங்கள். அதில் 50, 60 என்ற இரண்டு எண்களும் காணப்பட்டால் அனுப்பலாம். 60 மட்டும் இருப்பின், அதற்கு 50 ஹேர்ட்ஸ் கப்பி கிடைக்குமா என்பதை அங்கேயே விசாரித்த பின் கப்பலில் ஏற்றச் சொல்லுங்கள்.